மறைந்த பாடலாசிரியர் ஒருவரின் உரிமைத்தொகை: ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னையில் பதிப்புரிமை ஆவணங்களைத் தயாரித்துத் தரும் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் பணிபுரிகிறேன். 2019 ஜூன் முதல் 2022 வரை நாங்கள் கையாண்ட ஒரு குடும்பத்தின் விவகாரத்தை அவர்களுடைய ஒப்புதலோடு இங்கே பதிவு செய்கிறேன். அவர்கள் கேட்டுக்கொண்டபடி ஆட்களின் பெயர்களையும், அவர்களை அடையாளம் காட்டிவிடக்கூடிய படங்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். பழைய திரைப்படப் பாடலாசிரியர்களின் வாரிசுகள் பலர் இதே நிலையில் இருப்பதால், நாங்கள் செய்த தவறுகளையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பின்னணி

கவிஞர் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். 1961-இல் சென்னைக்கு வந்து கோடம்பாக்கத்தில் ஒண்டுக் குடித்தனம் இருந்தார். 1963-இல் முதல் திரைப்பாடலை எழுதினார். 1982-இல் எழுதியதே கடைசி. கண்ணதாசனும், அவரைத் தொடர்ந்து வாலியும் உச்சத்தில் இருந்த ஆண்டுகள் அவை. ஒரு படத்தில் ஆறு பாட்டு இருந்தால் நாலைந்து பெரியவர்களுக்குப் போய்விடும். மிஞ்சுகிற ஒன்றிரண்டு, பெரும்பாலும் நகைச்சுவைப் பாட்டோ குழுப் பாட்டோ, இவரைப் போன்றவர்களுக்கு வரும். மெட்டைக் கேட்டு, தத்தகாரத்தை, அதாவது மெட்டின் அளவைக் காட்டும் பொருளற்ற அசைகளை, காதில் வாங்கிக்கொண்டு, கம்போசிங் நடக்கும் அறையிலேயே பல்லவியை எழுதிக் கொடுத்துவிடும் வேகம் இவருக்கு இருந்ததால், ஒலிப்பதிவு நாள் நெருங்கியும் பாட்டு அமையாத படக் கம்பெனிகள் இவரைத் தேடி வந்தன. வாயசைவுக்கு ஏற்ப அசைகளை எண்ணி எழுத வேண்டிய டப்பிங் படப் பாடல்களும் நிறைய எழுதினார்.

சம்பளம் பாட்டுக்கு இவ்வளவு என்று பேசப்பட்டது. பாதி முன்பணம், மீதி ஒலிப்பதிவு முடிந்த பிறகு. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பணம் தருவார்கள். வவுச்சர் கம்பெனியிடமே தங்கிவிடும். கவிஞரிடம் எழுத்து வடிவில் எதுவும் மிஞ்சாது என்பதை இங்கேயே குறித்துவிடுகிறேன். பின்னால் வந்த சிக்கல்கள் பலவற்றுக்கும் வேர் அதுதான்.

1991-இல் அவர் காலமானார். மனைவி, ஒரு மகள், ஒரு மகன். மகள் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மகன் திருப்பூரில் தையல் கூடம் ஒன்றில் மேற்பார்வையாளர்.

சட்டத்தின் நிலை

திரைப்படத்துக்காகக் கூலிக்கு எழுதப்பட்ட பாட்டின் முதல் உரிமையாளர் யார் என்ற கேள்விக்கு, 1977-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு பல்லாண்டுகள் விடையாக இருந்தது. பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள் போன்ற உறுப்பினர்களுக்காக உரிமைத்தொகையை (ராயல்டியை) வசூலித்துப் பகிர்ந்து தரும் பதிப்புரிமைச் சங்கமாக 1969-இல் தொடங்கப்பட்ட இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி ஒரு தரப்பாக இருந்த அந்த வழக்கில், வேறுவிதமான ஒப்பந்தம் இல்லாத வரை, பணம் கொடுத்து எழுத வைத்த தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் ஆகிறார் என்று முடிவாயிற்று. கவிஞர்கள் வவுச்சரோடு வீடு திரும்பியதற்குச் சட்டப் பின்புலம் இதுவே.

2012-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த கவிஞர் ஜாவேத் அக்தர் இதற்காக அவையில் வலுவாக வாதாடினார். அவ்வாண்டு ஜூன் 21 முதல் நடைமுறைக்கு வந்த அத்திருத்தத்தின்படி, திரைப்படத்தில் இடம்பெறும் பாட்டை எழுதியவர், திரையரங்கில் படத்தோடு சேர்த்துக் காட்டப்படுவதைத் தவிர்த்த மற்றப் பயன்பாடுகளுக்கு உரிமைத்தொகையில் சமபங்கு பெறும் உரிமையைத் தம் சட்டப்பூர்வ வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு எவருக்கும் எழுதிக் கொடுக்கவோ விட்டுக்கொடுக்கவோ முடியாது. அப்படி ஒப்பந்தம் செய்தாலும் அது செல்லாது.

குடும்பங்கள் அடிக்கடி குழம்பும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒலிப்பதிவுக்கு உரிய பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் இருக்கும். பாட்டின் வரிகளுக்கு உரிய பதிப்புரிமை, எழுதியவர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் இருக்கும். இரண்டும் வேறு. 1981-இல் மறைந்த கண்ணதாசனின் வரிகளுக்கு 2041 முடியும் வரை காப்பு உண்டு. எங்கள் கவிஞரின் வரிகளுக்கு 2051 முடியும் வரை. "பாட்டு வந்து அறுபது வருஷம் ஆகப்போகுது, எல்லாம் காலாவதிதானே" என்று மகன் முதல் நாள் கேட்டார். அந்த எண்ணத்தினாலேயே ஆறேழு ஆண்டுகள் எதுவும் செய்யாமல் இருந்திருக்கிறார்கள்.

குடும்பம் எங்களிடம் வந்தபோது

2019 ஜூனில் மகள் வந்தார். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி ஒன்றில் ஒரு சிறுவன் தம் தந்தையின் பாட்டைப் பாடியதையும், திரையின் கீழ்ப்பகுதியில் வேறொரு கவிஞரின் பெயர் ஓடியதையும் பார்த்துவிட்டு வந்திருந்தார். பணத்தைப் பற்றி அவர் இரண்டாவதாகத்தான் பேசினார். கையில் 143 பாடல்களின் பட்டியல் இருந்தது. நினைவிலிருந்தும், இணையத்தில் கிடைத்த தொகுப்புகளிலிருந்தும், ஊர்க்காரர்கள் சொன்னதிலிருந்தும் இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்தது.

நாங்கள் கண்ட குறைகள் மூன்று. முதலாவது பெயர். திரைப்படங்களில் அவர் ஊர்ப்பெயரோடு சேர்ந்த புனைபெயரில் எழுதியிருந்தார். இறப்புச் சான்றிதழிலும் குடும்ப அட்டையிலும் இயற்பெயர். அரசிதழில் பெயர் மாற்றம் செய்யவில்லை. இருவரும் ஒருவரே என்று காட்ட ஒரு தாள்கூடக் குடும்பத்திடம் இல்லை. இரண்டாவது, ஒவ்வொரு பாட்டையும் அவர்தான் எழுதினார் என்பதற்கான சான்று. அக்காலப் படங்களின் டைட்டில் அட்டையில் "பாடல்கள்" என்ற சொல்லுக்குக் கீழே மூன்று நான்கு கவிஞர்களின் பெயர்கள் வரிசையாக வரும். எந்தப் பாட்டு யாருடையது என்று அதில் இருக்காது. மூன்றாவது, 2016-இல் தாய் கையெழுத்திட்ட ஒரு கடிதம். அதைப் பின்னர் விவரிக்கிறேன்.

நாங்கள் செய்த முதல் தவறு

பழைய பாடல்களுக்குத் திருத்தச் சட்டம் பொருந்தாது என்று எதிர்த்தரப்பு வாதாட இடம் இருந்ததால், நீதிமன்றம் போவதில்லை என்றும், பதிப்புரிமைச் சங்கத்தில் தாயாரை வாரிசு உறுப்பினராகச் சேர்ப்பது என்றும் முடிவெடுத்தோம். 77 வயதானவருக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கும் வழக்கு ஏற்றதன்று. அந்த முடிவு சரியானதே என்று இன்றும் கருதுகிறேன்.

தவறு அதற்கு அடுத்த படியில் நேர்ந்தது. வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் பெற்று, உறுப்பினர் விண்ணப்பத்தோடு மகள் தந்த 143 பாடல்களின் பட்டியலையும் அப்படியே இணைத்து 2019 அக்டோபரில் அனுப்பிவிட்டோம். சரிபார்க்கக் கால அவகாசம் இருந்தும், முதலில் பதிந்துவிடலாம், குறையிருந்தால் பிறகு திருத்தலாம் என்று நினைத்தோம். 2020 ஜனவரியில், 14 பாடல்கள் ஏற்கெனவே வேறு பெயர்களில் பதிவாகியிருப்பது தெரியவந்தது. ஒரே பாட்டுக்கு இருவர் உரிமை கோரினால், தகராறு தீரும் வரை அந்தப் பாட்டின் தொகை எவருக்கும் போகாது. இரண்டு கவிஞர்களின் குடும்பங்களுக்குப் போய்க்கொண்டிருந்த பணத்தை எங்கள் அவசரம் நிறுத்திவிட்டது. அவர்களில் ஒரு குடும்பம் எங்கள் கவிஞரின் குடும்பத்தைக் காட்டிலும் வசதி குறைந்தது என்று பின்னர் அறிந்தேன்.

கணக்கு நோட்டு

ஆதாரம் வேறு எதுவும் இருக்கிறதா என்று கேட்க 2020 பிப்ரவரியில் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பதக்கம், பொன்னாடை, மாலையிட்ட புகைப்படங்கள் எல்லாவற்றையும் எடுத்து வைத்தார்கள். எதுவும் பயன்படவில்லை. அப்போது தாயார் பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கச் சொன்னார். உள்ளே, சிவப்புத் துணி அட்டை போட்ட நீளவாட்டுக் கணக்கு நோட்டுகள் நான்கு இருந்தன. 1963 முதல் 1974 வரையிலான வீட்டுச் செலவுக் கணக்கு. ஐந்தாம் வகுப்பு வரை படித்த அவர் தம் கையால் எழுதியது.

ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன். "12-3-66. கம்பெனி பாட்டு ஒண்ணு, அந்தி, 100. மீதி 100 வரணும். வாடகை 45. பால் 11." 'அந்தி' என்பது பல்லவியின் முதல் சொல். கணவர் பணத்தோடு வந்ததும் எந்தப் பாட்டுக்கு என்று கேட்டு, முதல் சொல்லை மட்டும் எழுதிக்கொள்வாராம். மீதிப் பணம் வந்துசேர்ந்தால் அந்த வரியின் ஓரத்தில் ஒரு சுழி போடுவார். சுழி விழாத வரிகள் 11 இருந்தன.

வவுச்சர்கள் கம்பெனிகளோடு அழிந்துபோன பிறகு, எந்தப் பாட்டுக்கு எப்போது பணம் வந்தது என்பதற்கு இருந்த ஒரே எழுத்துச் சான்று இதுதான். பால் கணக்கும் வாடகையும் அதே மையில், அதே வரிசையில் இருந்ததால், பிற்காலத்தில் புனைந்தது என்று யாரும் சொல்ல முடியாத நம்பகத்தன்மை அதற்கு இருந்தது.

ஆனால் நோட்டை மட்டும் கொண்டு எந்தப் பாட்டையும் கோருவதில்லை என்று முடிவு செய்தோம். காரணம் தொழிலின் இயல்பிலேயே இருந்தது. ஒரு கவிஞர் எழுதிப் பணமும் வாங்கிவிட்ட பாட்டை, இயக்குநருக்குப் பிடிக்காமலோ காட்சி மாறிப்போனதாலோ தூக்கிவிட்டு, அதே மெட்டுக்கு வேறொருவரை எழுத வைப்பது உண்டு. நோட்டில் பணம் இருக்கும். படத்தில் வரிகள் இருக்கமாட்டா. எனவே நோட்டுக் குறிப்போடு, அச்சில் வெளியான ஒரு சான்றும் சேர்ந்திருந்தால்தான் ஒரு பாட்டு உறுதியானதாகக் கொள்ளப்படும் என்று விதி வகுத்தோம். நோட்டு இல்லாத 1975-க்குப் பிந்தைய பாடல்களுக்கு, ஒன்றையொன்று சாராத அச்சுச் சான்றுகள் இரண்டு.

அச்சுச் சான்றில் முதலிடம் பாட்டுப் புத்தகத்துக்கு. திரையரங்கு வாசலில் விற்ற அந்தச் சில பக்கச் சிறு வெளியீட்டில் நடிகர் பட்டியல், "மிகுதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடியும் கதைச்சுருக்கம், பிறகு பாடல் வரிகள் இருக்கும். பலவற்றில் ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் எழுதியவர் பெயர் உண்டு. இசைத்தட்டின் வட்ட லேபிளிலும் உறையிலும் சில நேரம் பெயர் இருக்கும், சில நேரம் இருக்காது. தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பாட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன என்பதை அறிந்து அங்கே போகத் திட்டமிட்ட வேளையில் 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ஏறத்தாழ ஓராண்டு வேலை நின்றது. 2021 தொடக்கத்தில்தான் மகளும் நானும் அங்கே உட்கார்ந்து படம் படமாகப் பார்க்கத் தொடங்கினோம். கிடைக்காதவற்றைத் தனியார் சேகரிப்பாளர்கள் இருவர் தேடித் தந்தார்கள்.

பெயர்ச் சிக்கலுக்கு விடையும் அதே தகரப் பெட்டியில் கிடைத்தது. 1970-களில் திருச்சி வானொலிக்கு அவர் எழுதிய மெல்லிசைப் பாடல்களுக்கான ஒப்பந்தப் படிவம் ஒன்றில், இயற்பெயரும் "என்கிற" என்ற சொல்லும் புனைபெயரும் ஒரே வரியில் இருந்தன. அரசு நிறுவனம் ஒன்றின் படிவம் என்பதால், தாயாரின் உறுதிமொழிப் பத்திரத்தோடு அதுவே போதுமானதாயிற்று.

ஊர் கொண்டாடிய பாட்டு

2021 பிப்ரவரியில் ஒரு பாட்டுப் புத்தகம் எங்களை நிறுத்தியது. பட்டியலில் மகள் முதலாவதாக எழுதியிருந்த பாட்டு அது. ஊரில் கவிஞரின் பெயரைச் சொன்னாலே அந்தப் பாட்டைத்தான் சொல்வார்களாம். நினைவு நாளன்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பாடுவதும் அதையே. புத்தகத்தில் அந்தப் பாட்டின் தலைப்பில் வேறொருவர் பெயர் தெளிவாக அச்சாகியிருந்தது. அந்தப் படத்துக்கு எங்கள் கவிஞர் எழுதியது வேறு பாட்டு. நோட்டில் இருந்ததும் அதன் முதல் சொல்லே. டைட்டில் அட்டையில் இருவர் பெயரும் சேர்ந்து வந்ததால், ஊர் தனக்கு வேண்டியவருக்குப் பெரிய பாட்டைக் கொடுத்துவிட்டிருந்தது.

மகள் நூலகத்தில் நெடுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தம் தாயிடம் தம்மால் சொல்ல முடியாது, நீங்களே சொல்லுங்கள் என்றார். நான் சொன்னபோது தாயார் சற்றும் கலங்கவில்லை. "அது அவுங்க எழுதினது இல்ல தம்பி, எனக்கு அப்பவே தெரியும். கருமாதி அன்னைக்கு ஊர்ல குழாய் கட்டி அந்தப் பாட்டத்தான் போட்டாங்க. அந்த நேரத்துல நான் என்னத்தச் சொல்றது" என்றார். பிறகு, அதை எடுத்துவிடும்படி அவரே சொன்னார்.

எடுத்துவிட்டோம். மோதிய 14 பாடல்களில் இதோடு சேர்த்து 6 பாடல்கள் மற்றவர்களுடையவை என்று ஒப்புக்கொண்டு எழுத்து மூலம் விலகினோம். அந்தக் குடும்பங்களுக்கு நிறுத்தப்பட்டிருந்த தொகை விடுவிக்கப்பட்டது. மீதி 8 பாடல்களுக்குப் பாட்டுப் புத்தகப் பக்கமும் நோட்டுப் பக்கமும் இணைத்து அனுப்பினோம். எட்டும் எங்கள் கவிஞரின் பெயருக்குத் திருத்தப்பட்டன. நாமே முன்வந்து ஆறை விட்டுக்கொடுத்ததால்தான் மற்றக் குடும்பங்கள் இந்த எட்டில் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை என்பது என் கணிப்பு. அவர்களில் ஒருவர் தம்மிடம் இருந்த பாட்டுப் புத்தகங்கள் இரண்டை எங்களுக்கு அனுப்பியும் வைத்தார்.

25,000 ரூபாய்க் கடிதம்

2016-இல் ஒலிப்பதிவு உரிமை வைத்திருந்த நிறுவனம் ஒன்றின் முகவர் வீட்டுக்கு வந்து, கவிஞருக்கு மரியாதை செய்வதாகச் சொல்லிச் சால்வை போர்த்தி, 25,000 ரூபாய் கொடுத்து, ஆங்கிலத்தில் இருந்த இரண்டு பக்கக் கடிதத்தில் தாயாரின் கையெழுத்தை வாங்கிப் போயிருந்தார். உலகம் முழுவதும், நிரந்தரமாக, இனி வரும் எல்லா ஊடகங்களிலும் எந்தத் தொகையும் கோர மாட்டேன் என்பதே அதன் சாரம். மகளுக்கே அது 2019-இல்தான் தெரிந்தது. தாம் ஏமாந்துவிட்டோம் என்ற குற்ற உணர்வில் தாயார் அதுவரை சொல்லவில்லை.

கடிதம் 2012-க்குப் பின் எழுதப்பட்டது. பாட்டை எழுதியவருக்கே விட்டுக்கொடுக்க அதிகாரம் இல்லாத ஓர் உரிமையை அவருடைய வாரிசு மட்டும் எப்படி விட்டுக்கொடுக்க முடியும் என்று கேட்டு, பெற்ற 25,000 ரூபாயை வேண்டுமானால் வரவிருக்கும் பங்கில் கழித்துக்கொள்ளலாம் என்றும் குறிப்பிட்டு, வழக்கறிஞர் மூலம் பதில் அனுப்பினோம். மறுமொழி வரவில்லை. ஆனால் அதன்பின் அந்தக் கடிதத்தைக் காட்டி எவரும் தடை எழுப்பவுமில்லை.

விளைவு

143 பாடல்களில் 108 பாடல்கள் 2021 நடுவிலேயே உறுதியாயின. பின்னர் கிடைத்த சான்றுகளால் மேலும் 20 சேர்ந்து, 2022 முடிவில் 128 பாடல்கள் அவர் பெயரில் பதிவாகியிருந்தன. 6 பாடல்கள் விலக்கப்பட்டன. 9 நிலுவையில் உள்ளன.

முதல் தொகை 2021 டிசம்பரில் வந்தது: 23,000 ரூபாய்க்குச் சற்று மேல். அடுத்த ஆண்டு ஒரு பாட்டு விளம்பரத்தில் பயன்பட்டதால் தொகை கூடியது. குடும்பத்தின் வாழ்க்கையை மாற்றும் பணம் இல்லை. தாயாரின் மருந்துச் செலவுக்கு ஆகும். உறுப்பினராகச் சேர்வதற்கு முந்தைய ஆண்டுகளில் ஒலித்தவற்றுக்கு எதுவும் கிடைக்கவில்லை. சட்டம் திருந்திய உடனே வந்திருந்தால் என்ற வருத்தம் மகளுக்கு இருக்கிறது. பெயரைப் பொறுத்தவரை, பாட்டுச் செயலிகள் இரண்டு திருத்தம் செய்தன. தொலைக்காட்சியில் ஓடிய தவறான பெயர் இன்னும் இணையத்தில் அப்படியே இருக்கிறது.

பணம் வந்த செய்தியைச் சொன்னபோது, சுழி போடாத அந்த 11 வரிகளுக்கான மீதியா இது என்று தாயார் கேட்டார். அந்தக் கம்பெனிகள் இப்போது இல்லை, இது வேறு கணக்கு என்று விளக்கினேன். அப்படியானால் இதையும் அதே நோட்டில் எழுத வேண்டும் என்றார். நான்காவது நோட்டின் கடைசியில் வெற்றுப் பக்கங்கள் இருந்தன. மகள் தேதியையும் தொகையையும் எழுத, தாயார் ஓரத்தில் சுழி போட்டார்.

மீண்டும் செய்வதாக இருந்தால்

சரிபார்க்காத பட்டியலை அனுப்ப மாட்டோம். இதை எங்கள் அலுவலகத்தில் இப்போது விதியாகவே வைத்திருக்கிறோம். முதல் தவணையில் ஐயத்துக்கு இடமில்லாத பாடல்கள் மட்டும், அது இருபதே ஆனாலும் சரி.

முதல் நாளிலேயே வீட்டுக்குப் போவோம். படித்த பிள்ளைகளிடம் மட்டும் பேசிவிட்டு எட்டு மாதங்களை வீணாக்கினோம். அந்தத் தாயாரிடம் முதலிலேயே கேட்டிருந்தால் நோட்டும் கிடைத்திருக்கும், ஊர் கொண்டாடிய பாட்டைப் பற்றிய உண்மையும் தெரிந்திருக்கும், சால்வை போர்த்தி வாங்கிய கையெழுத்தும் வெளிவந்திருக்கும். மூன்றும் அவரிடமே இருந்தன. யாரும் அவரைக் கேட்கவில்லை.

மோதல் எழுந்தவுடன் எதிர்க் குடும்பங்களோடு நேரில் பேசியிருக்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் கடிதங்களாகவே நடத்தினோம். பேசிய பிறகு மூன்று வாரங்களில் தீர்ந்தது.

இன்று எழுதிக்கொண்டிருக்கும் பாடலாசிரியர்களுக்கு நாங்கள் சொல்வது எளிய வேலைதான்: பாட்டைக் கொடுக்கும் நாளிலேயே படப்பெயர், பல்லவி, இசையமைப்பாளர், தேதி, தொகை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, ஒப்பந்தத்தின் நகலைக் கையோடு வாங்கிவிட வேண்டும். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. நகல் கையில் இல்லாதவரால் இதைக்கூட நிறுவ முடியாது.

நிலுவையில் உள்ள 9 பாடல்களில் 4, 1968-க்கும் 1971-க்கும் இடையே வெளிவந்த டப்பிங் படங்களைச் சேர்ந்தவை. நான்குக்கும் நோட்டில் முதல் சொல் இருக்கிறது, சுழியும் இருக்கிறது. பாட்டுப் புத்தகங்கள் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.